ஏறக்கூடாத சிகரத்தைப் பார்க்க ஏறும் மலை: ஜப்பானின் உன்சென்

ஜப்பானின் தென்மேற்குத் தீவான கியூஷுவில், நாகசாகி மாகாணத்தின் ஷிமபரா குடாநாட்டின் நடுவே நிற்கிறது உன்சென் மலைத்தொகுதி. ஃபூஜிக்குப் போகும் கூட்டத்தில் சிறு பங்குகூட இங்கே வருவதில்லை. உயரமும் பெரிதில்லை. இத்தொகுதியில் மிக உயரமான சிகரம் 1,483 மீற்றர். அந்தச் சிகரத்துக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. 1990க்கு முன்னர் எடுத்த எந்தப் படத்திலும் அது இருக்காது. அதில் ஏற எவருக்கும் அனுமதியும் இல்லை.

‘ஹெய்செய் ஷின்சான்’ என்பது அதன் பெயர். ஹெய்செய் காலத்துப் புதுமலை என்று பொருள். 1989 தொடக்கம் 2019 வரை ஜப்பானியப் பேரரசராக இருந்தவரின் ஆட்சிக்காலமே ஹெய்செய். ஓர் எரிமலை வெடித்து, வீடுகளை எரித்து, 44 உயிர்களை எடுத்த பிறகு எஞ்சிய தீக்குழம்புக் குவியலுக்கு ஒரு நாடு இப்படிச் சாதாரணமாகப் பெயர் வைத்திருக்கிறது.

உன்செனுக்குப் போகிறவர்கள் மலைக்கு ஒரு நாள், மலையடிவாரத்துக்கு ஒரு நாள் என்று ஒதுக்கிக்கொள்வது நல்லது. மலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதியைத்தான் பார்த்ததாகும்.

மலைக்கு ஒரு நாள்

நாகசாகிப் பக்கமிருந்து வருவோர் இசஹாயா ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் உன்சென் ஊருக்கு ஏறலாம். ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். குமமோட்டோவில் இருந்து வருவதென்றால் அரியாகே கடலைப் படகில் கடக்க வேண்டும். விரைவுப் படகு அரை மணித்தியாலத்தில் ஷிமபரா துறைமுகத்தில் சேர்த்துவிடும். அந்தப் படகின் மேல்தளத்தில் நின்றால் முழு மலைத்தொகுதியும் ஒரே பார்வைக்குள் வரும். பின்னால் சொல்லப்போகும் பல விடயங்களும் அந்த ஒரு காட்சிக்குள் அடங்கியிருக்கின்றன.

உன்சென் ஊர் ஒரு வெந்நீரூற்று நகரம். முன்னர் இப்பெயரை ‘வெந்நீரூற்று’ என்ற எழுத்துகளாலேயே எழுதி ‘உன்சென்’ என்று வாசித்தார்கள். 1934இல் ஜப்பானின் முதல் மூன்று தேசியப் பூங்காக்களில் ஒன்றாக இது அறிவிக்கப்பட்டபோது, மேகம், முனிவர் என்ற பொருள்தரும் எழுத்துகளுக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பே ஷங்காயிலும் நாகசாகியிலும் இருந்த ஐரோப்பியர்கள் கோடை வெயிலுக்குத் தப்பி இங்கே வந்து தங்கினார்கள். எங்கள் நுவரெலியா போன்ற கதைதான். 1913லேயே கோல்ஃப் மைதானமும் வந்துவிட்டது.

ஊரின் நடுவில் ‘ஜிகொகு’ எனப்படும் பகுதி. நரகம் என்று பொருள். வெளிறிய மண்ணின் வெடிப்புகளில் இருந்து கந்தக நாற்றத்தோடு நீராவி எழும். தரை கொதிக்கும். அதன் ஊடாகப் போட்டிருக்கும் மரநடைபாதையில் அரை மணித்தியாலம் நடக்கலாம். ஆவியில் அவித்த முட்டையும் வாங்கித் தின்னலாம். அதே கொதிநீர்தான் 1627இலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் கத்தோலிக்கர்களை மதம் கைவிடச்செய்யும் சித்திரவதைக் கருவியாகப் பயன்பட்டது. ஷிமபராவின் ஆட்சியாளராக இருந்த மட்சுகுரா ஷிகெமாசா அதைச் செய்வித்தார். அங்கே அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. மே மாதத்தில் நினைவுத் திருப்பலியும் நடக்கிறது. மட்சுகுரா குடும்பத்தின் வரிக்கொடுமையும் சேர்ந்து 1637இல் ஷிமபரா விவசாயிகளின் கிளர்ச்சியாக வெடித்தது. குடாநாட்டின் தெற்கே ஹரா கோட்டையில் அது இரத்தத்தில் முடிந்தது. அது தனியாக எழுதவேண்டிய கதை.

மலையேற்றம் தொடங்கும் இடம் நிட்டா கணவாய், சுமார் 1,080 மீற்றர் உயரம். ஊரில் இருந்து வாகனத்தில் வரலாம். பாதை ஒருவழிப் பாதை. பனிக்காலத்தில் தரை உறைந்தால் மூடிவிடுவார்கள். இங்கிருந்து மியோகென் சிகரத்தின் தோள் வரை கேபிள் கார் ஓடுகிறது. மூன்று நிமிடப் பயணம். முழங்கால் வலி உள்ளவர்கள், வயதான பெற்றோருடன் வருபவர்கள் இதில் ஏறிப் புதுமலையைப் பார்த்துவிட்டு அதிலேயே இறங்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நடக்க விரும்புவோருக்கு ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. மியோகென் முகட்டில் இருந்து இறங்கி, காட்டுக்குள் புகுந்து, பழைய முதன்மைச் சிகரமான ஃபுகென் மலையை (1,359 மீற்றர்) எட்டி, அசாமி பள்ளத்தாக்கு வழியாகக் கணவாய்க்குத் திரும்புவது. சாதாரண நடைக்கு மூன்று தொடக்கம் நான்கு மணித்தியாலம் ஆகும். 1990களின் வெடிப்போடு மூடப்பட்டுக் கிடந்த பகுதியில் 2012 மே மாதம் புதிய பாதை ஒன்றைத் திறந்தார்கள். அதன் ஒரு துண்டு ஒருவழி. எதிர்த்திசையில் போகக்கூடாது என்று பலகை போட்டிருக்கும், அதை மதிக்கவேண்டும். பாறைகள் செங்குத்தாக உள்ள இடங்களில் இரு பக்கமும் ஆட்கள் வந்தால் ஒதுங்க இடமில்லை.

இந்தப் பாதையில் ‘காற்றுக்குகைகள்’ எனப்படும் பாறை இடுக்குகள் வரும். கோடையிலும் உள்ளேயிருந்து குளிர்காற்று வீசும். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் பட்டுப்புழு முட்டைகளை இங்கே வைத்துப் பொரிப்பதைத் தள்ளிப்போட்டார்கள். அப்படிச் செய்தால் ஒரே ஆண்டில் பல தடவை புழு வளர்க்கலாம். மலையை மனிதர் பயன்படுத்திய விதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

குகைகளைத் தாண்டி ஏறினால் தட்டெய்வா முகடு. அங்கே நின்றால் புதுமலை நேர் எதிரே நிற்கும். பழுப்பும் சாம்பலுமான கற்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, இப்போதுதான் யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோலக் கிடக்கும். இடுக்குகளில் இருந்து இன்றும் ஆவி எழுவதுண்டு. விளிம்புகளில் செடிகள் பிடிக்கத் தொடங்கிவிட்டன. உள்ளே போக ஆய்வாளர்களுக்கும் அனர்த்த முகாமைத்துவ அலுவலர்களுக்கும் மட்டுமே, அதுவும் குறித்த நாட்களில் மட்டுமே அனுமதி. குவிமாடம் செங்குத்தான சரிவின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அளவிடத் தொடங்கிய நாளில் இருந்து அது ஒரு மீற்றருக்கு மேல் கிழக்கு நோக்கி நகர்ந்திருக்கிறது. பெரிய நிலநடுக்கம் ஒன்று வந்தால் அதன் ஒரு பகுதி சரியலாம் என்பதே இன்றைய கவலை.

மே நடுப்பகுதி தொடக்கம் மாத இறுதிவரை கணவாயைச் சுற்றி ‘மியாமா கிரிஷிமா’ என்ற இளஞ்சிவப்புச் செடிப்பூக்கள் மலரும். ஒக்ரோபர் கடைசியில் இலைகள் நிறம் மாறும். தைமாதக் குளிரில் மரக்கிளைகளில் உறைபனி பூவாக ஒட்டும். கூட்டம் பிடிக்காதவர்கள் இந்த மூன்று காலங்களையும் தவிர்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஜப்பானிய வளிமண்டலவியல் முகவரகம் எரிமலைகளுக்கு ஐந்து மட்டங்களில் அபாய நிலை அறிவிக்கிறது. உன்சென் பல ஆண்டுகளாக முதலாம் மட்டத்தில் இருக்கிறது. 2014 செப்ரெம்பர் 27ஆம் திகதி மத்திய ஜப்பானில் ஒன்டாகே மலை வெடித்தபோது அதுவும் முதலாம் மட்டத்தில்தான் இருந்தது. சனிக்கிழமை நண்பகல், உச்சியில் உணவுப்பொதி பிரித்துக்கொண்டிருந்த நேரம். 63 பேர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். அதுவரை முதலாம் மட்டத்துக்கு ‘வழமை நிலை’ என்று எழுதியிருந்தார்கள். அடுத்த ஆண்டே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ‘இது உயிருள்ள எரிமலை என்பதைக் கவனத்தில் கொள்க’ என்று மாற்றினார்கள். புறப்படும் நாள் காலையில் முகவரகத்தின் இணையத்தளத்தைப் பார்த்துவிட்டே நடக்கவேண்டும்.

அடிவாரத்தில்

1990 நவம்பர் 17ஆம் திகதி ஃபுகென் மலை 198 ஆண்டுத் தூக்கத்தில் இருந்து எழுந்தது. அடுத்த மே 20ஆம் திகதி உச்சியில் தீக்குழம்பு தலைகாட்டியது. உன்செனின் குழம்பு தண்ணீர்போல ஓடுவதில்லை, களிபோலத் தடித்தது. மெதுவாகப் பிதுங்கி, உச்சியிலேயே குவிந்து, கனம் தாங்காமல் முன்விளிம்பு உடைந்து விழும். உடைந்த கல், சாம்பல், பல நூறு பாகை வெப்பமான வாயு எல்லாம் கலந்து, மணிக்கு நூறு கிலோமீற்றர் அளவு வேகத்தில் பள்ளத்தாக்கில் உருண்டு இறங்கும். ஜப்பானியர் இதைக் ‘கசாய்ரியு’ என்பர். எரிமுகில் என்று தமிழில் சொல்லலாம். ஆய்வாளர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த அந்தச் சொல், அந்த ஆண்டு ஜப்பானின் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ஊடகவியலாளர்கள். மலையடியில் மிசுநாஷி ஆற்றோரம் கமிகோபா என்ற விவசாயக் கிராமம். அங்கே எரிமுகில் நேரே எதிர்கொண்டு இறங்குவதைப் படம்பிடிக்க வசதியான ஒரு மேடு, எரிமலை வாயில் இருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் தூரத்தில். செய்தியாளர்கள் அதற்கு ‘டெய்டென்’, அதாவது ‘நிலைப்புள்ளி’ என்று பெயர் வைத்தார்கள். கிராமத்தை விட்டு வெளியேறும்படி நகராட்சி அறிவுறுத்தியிருந்தது. ஆனால் அது அறிவுறுத்தல்தான், சட்டத்தடை அல்ல. கிராமத்தவர்கள் வெளியேறினார்கள். கமராக்கள் வெளியேறவில்லை. ஒரு நிறுவனம் நின்றால் மற்ற நிறுவனம் விலக முடியாது என்பது எங்கள் தொழிலின் பழைய நோய்.

அதற்குள் இன்னொன்றும் நடந்தது. செய்தியாளர் சிலர் ஆளில்லாத வீடுகளுக்குள் புகுந்து மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். இது தெரியவந்ததும் ஊர் கொதித்தது. பின்வாங்கியிருந்த தொண்டர் தீயணைப்புப் படையினர் கிராமத்தைக் காவல் காக்கத் திரும்பவும் மேலே போனார்கள். மற்ற நாட்களில் அவர்களும் அந்த ஊர் விவசாயிகளும் தொழிலாளர்களும்தான்.

1991 ஜூன் 3. மழை, மேகமூட்டம், மலை தெரியவில்லை. மாலை 4 மணி 8 நிமிடமளவில் பெரிய எரிமுகில் இறங்கியது. 43 பேர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். செய்தித்துறையினர் 16 பேர். அவர்கள் வாடகைக்கு அமர்த்திய டாக்சிகளின் சாரதிகள் 4 பேர். தொண்டர் தீயணைப்புப் படையினர் 12 பேர். பொலிஸார் இருவர். எரிமலை ஆய்வாளர்கள் மூவர். மற்றவர்கள் அப்பகுதி மக்கள். ஆய்வாளர்களில் மொறிஸ், கட்யா கிராஃப்ட் தம்பதியினர் உலகெங்கும் எரிமலைகளைப் படம்பிடித்துப் பெயர்பெற்ற பிரெஞ்சுக்காரர். மூன்றாமவர் அமெரிக்கரான ஹரி கிளிக்கன். 1980இல் சென் ஹெலன்ஸ் மலை வெடித்தபோது அவர் இருக்கவேண்டிய கண்காணிப்பு இடத்தில் வேறொருவர் இருந்ததால் உயிர் தப்பியவர்.

இந்தப் பட்டியலை உலகம் வாசிக்கும்போது கிராஃப்ட் தம்பதியினரில் கண் நிற்கும். ஷிமபராவில் வாசிக்கும்போது அந்தப் பன்னிருவரிலும் நான்கு சாரதிகளிலும் நிற்கும். செய்தியாளர்கள் போயிருக்காவிட்டால் எங்கள் ஆட்கள் அங்கே நின்றிருக்கமாட்டார்கள் என்ற கோபம் ஊரில் ஆண்டுக்கணக்காக இருந்தது. இறந்த செய்தியாளர்களின் குடும்பங்களும் துக்கத்தோடு அந்தக் கோபத்தையும் சுமந்தன. ஜப்பானிய ஊடகங்கள் தங்கள் பாதுகாப்பு விதிகளை இதன்பின் இறுக்கின. அந்த இறுக்கத்துக்கும் விமர்சனம் உண்டு. 2011இல் புகுஷிமா அணு உலை விபத்தின்போது பெரிய நிறுவனங்களின் செய்தியாளர்கள் விரைவில் விலகிப்போக, மக்கள் தனித்துவிடப்பட்டார்கள் என்று சொல்பவர்கள் உன்செனையும் ஒரு காரணமாகக் காட்டுகிறார்கள். எவ்வளவு கிட்டப் போகவேண்டும் என்ற கேள்விக்கு இன்னும் ஒரே பதில் கிடைக்கவில்லை.

ஜூன் 7ஆம் திகதி ஷிமபரா நகரம் சட்டப்படி தடைவலயம் அறிவித்தது. அனுமதியின்றி நுழைந்தால் தண்டனை. மறுநாளே, ஜூன் 8, முன்னையதைவிடப் பெரிய எரிமுகில் இறங்கியது. பெருந்தொகையான வீடுகள் எரிந்தன. ஓர் உயிரும் போகவில்லை.

உச்சக்கட்டத்தில் ஏறக்குறைய 11,000 பேர் இடம்பெயர்ந்திருந்தனர். வலயம் என்ற சொல் எங்கள் வாசகர்களுக்கு வேறு நினைவுகளைத் தரும். ஆனால் அங்கே காணியைப் பிடித்து வைத்திருந்தது மலை, படை அல்ல. ஏன் இன்னும் திரும்பமுடியாது என்ற கேள்விக்கு அளவீடுகளைக் காட்டிப் பதில் சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். அப்படியிருந்தும் அலைச்சல் அலைச்சல்தான். பாடசாலை உடற்பயிற்சிக் கூடங்கள், பிறகு தற்காலிக வீடுகள், விளைச்சலை விட்டுவந்த புகையிலைத் தோட்டங்கள். தனியார் சொத்திழப்புக்கு நட்டஈடு தருவதில்லை என்பதில் மத்திய அரசு பிடிவாதமாக நின்றது. நாகசாகி மாகாணம் அமைத்த நிதியமும் நாடெங்குமிருந்து வந்த நன்கொடைகளும்தான் இடைவெளியை ஓரளவு நிரப்பின.

வெடிப்பு 1995இல் அடங்கியது. கமிகோபா மக்கள் ஊருக்குத் திரும்பவில்லை. கிராமம் வண்டல்தடுப்பு அணைகளுக்கான நிலமாயிற்று. மக்கள் அவர்களுக்கென அமைத்த புதிய குடியிருப்புகளுக்குப் போனார்கள். ஆபத்தான பகுதியில் மண் அள்ள, ஆளில்லாமல் தூரத்தில் இருந்து இயக்கும் பாரிய இயந்திரங்கள் இங்கேதான் பெரிய அளவில் பயன்படுத்தப்பட்டன. அந்தத் தொழில்நுட்பம் பின்னர் ஜப்பானின் மற்ற அனர்த்தங்களுக்கும் போனது.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் அன்னாக்கா என்ற இடத்தின் கதை வேறு. சாம்பல் மலைக்கு மழை விழுந்தால் சேறும் பாறையும் வெள்ளமாக இறங்கி வீடுகளை மூடும். அதைத் தடுக்கக் கரை கட்டினால், ஆற்றுக்கும் கரைக்கும் இடையில் தங்கள் முக்கோண நிலம் பள்ளமாகிச் சிக்கிவிடும் என்று அன்னாக்கா மக்கள் கண்டார்கள். அவர்கள் முன்வைத்த யோசனை எளிமையானது: எங்கும் கொட்ட இடமின்றி அள்ளப்படும் சேற்றை எங்கள் காணிகளிலேயே கொட்டுங்கள், முழு ஊரையும் உயர்த்துங்கள். மண் கொட்டும் கட்டணம் செலவுக்கு உதவியது. 1995இல் வேலை தொடங்கி 2000இல் முடிந்தது. ஏறக்குறைய ஆறு மீற்றர் உயர்ந்த அந்த நிலத்தில் பழைய வேலி, பழைய கிணறு, பழைய ஒழுங்கை எதுவும் இல்லை. அதே இடத்தில் புதிய ஊர். இன்று அதற்குள்ளால் போகும் பயணி, சொல்லாவிட்டால் எதையும் கவனிக்கமாட்டார். எனக்கு இந்தப் பயணத்தின் முக்கியமான இடம் இதுதான்.

இதை விளங்கிக்கொள்ள முதலில் முன்னர் மிசுநாஷி ஹொன்ஜின் என்று அழைக்கப்பட்ட வீதியோரத் தரிப்பிடத்துக்குப் போகவேண்டும். 1992 ஓகஸ்ட் சேற்றுவெள்ளத்தில் புதைந்த 11 வீடுகளை அங்கே புதைந்தபடியே விட்டிருக்கிறார்கள். கூரைகள் தரைமட்டத்தில் இருக்கும். கட்டணம் கிடையாது. பக்கத்திலேயே நூடில்ஸ் கடையும் மரக்கறிச் சந்தையும் நடக்கின்றன.

அங்கிருந்து சற்று மேலே பழைய ஓனொகோபா ஆரம்பப் பாடசாலை. 1991 செப்ரெம்பர் 15ஆம் திகதி எரிமுகில் இதை எரித்தது. பிள்ளைகள் முன்னரே அப்புறப்படுத்தப்பட்டிருந்தார்கள். வளைந்த யன்னல் சட்டங்களோடு கட்டடம் அப்படியே நிற்கிறது. முற்றத்தில் எரிந்துபோன கிங்கோ மரம் பின்னர் துளிர்த்தது.

கடலோரத்தில் 2002இல் திறந்த அனர்த்த நினைவகம் இருக்கிறது. 2005இல் நிலத்தில் இருந்து எடுத்த, உருகிக் கருகிய தொலைக்காட்சிக் கமரா ஒன்று அங்கே இருக்கிறது. உள்ளேயிருந்த நாடாவை மீட்டெடுத்தார்கள். கடைசி நிமிடம்வரை அது ஓடியிருக்கிறது.

நிலைப்புள்ளி முப்பது ஆண்டுகள் ஏறக்குறைய அப்படியே கிடந்தது. ஊர் அதைத் தங்கள் நினைவிடமாகக் கொள்ளவில்லை. தீயணைப்புப் படையினர் நின்ற விவசாயப் பயிற்சி நிலையத்தின் இடத்தில்தான் அவர்கள் மலர் வைத்தார்கள். 2021இல் உள்ளூர் மக்களே முன்வந்து நிலைப்புள்ளியைத் துப்புரவாக்கினார்கள். மண்ணில் புதைந்திருந்த செய்தி நிறுவன வாகனத்தையும் டாக்சிகளையும் தோண்டி எடுத்து அங்கேயே வைத்தார்கள். போக விரும்புவோர் நினைவகத்தில் முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. மழைநாளில் போகக்கூடாது.

ஜூன் 3ஆம் திகதி ஷிமபராவில் ‘பிரார்த்தனை நாள்’. மாலை 4 மணி 8 நிமிடத்துக்குச் சங்கு ஊதும். அன்று பயணிகளாக அங்கே இருப்பவர்கள் கமராவைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது குமமோட்டோப் படகில் ஏறினால், ஷிமபரா நகருக்குப் பின்னால் ஒரு பக்கம் வெட்டப்பட்டதுபோல நிற்கும் மலையைப் பாருங்கள். அது மயு மலை. முந்திய வெடிப்பின் கடைசியில், 1792 மே 21ஆம் திகதி அது இடிந்து கடலில் விழுந்தது. கிளம்பிய ஆழிப்பேரலை எதிர்க்கரையான குமமோட்டோவையும் அடித்தது. இரு கரையிலுமாக ஏறக்குறைய 15,000 பேர் இறந்தனர். ஜப்பானின் எரிமலை அனர்த்தங்களில் இன்றுவரை அதுவே பெரியது. துறைமுகத்துக்கு அருகே கடலில் பைன் மரங்களோடு சிதறிக் கிடக்கும் குட்டித் தீவுகளின் அழகை எல்லோரும் படம் எடுப்பார்கள். அன்று விழுந்த மலையின் துண்டுகள் அவை.